அந்தப் பிள்ளை வந்துட்டானா, சார்?

1999 ஜூன். கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்த வாரம். ராணிப்பேட்டை முன்சீப் கோர்ட் வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்து என் கட்சிக்காரர் அம்மா ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்காக வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்கிற வேலை, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வாய்தாவுக்கு வருகிற நாளிலும் மூட்டையைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். பெருவிரலில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பார், நூல் அறுத்துவிடாமல் இருக்க. ஊசி தோலுக்குள் போய் வரும் ஓசை அரைகுறையாகக் கேட்கும். கேஸ் கூப்பிட்டால் ஊசியைப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டு எழுந்து வருவார்.

அன்று என்னைப் பார்த்ததும் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளை வந்துட்டானா, சார்?"

எந்தப் பிள்ளை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. தினத்தந்தியை டீக்கடையில் யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன். கார்கிலில், பட்டாலிக் பகுதியில், மே 29 அதிகாலையில் சுடப்பட்டு இறந்துவிட்டார். உடல் மட்டும் மலை மேலேயே கிடக்கிறது, இறக்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு இதுதான் நெஞ்சில் நின்றது. இறந்த செய்தியை விட, உடம்பு இன்னும் வரவில்லை என்ற செய்தி.

"இன்னும் வரலைம்மா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஊசியை எடுத்தார்.

வழக்கு இதுதான். இவருடைய புருஷன் ஊர் கலவைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், என் ஊருக்கும் அடுத்த ஊர். அதனால்தான் ஆம்பூரிலிருந்து என்னைத் தேடி வந்தார். 1961-ல் கல்யாணம். புருஷன் பட்டாளத்துக்காரர். எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டையை இன்றைக்கும் ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில், மிச்சம் பேர் நிலத்தில் அல்லது தோல் ஷாப்பில். வட ஆற்காட்டுக் குடும்பங்கள் இப்படித்தான் பிழைத்தன.

1962 அக்டோபர் 20 அன்று சீனா தாக்கியது. நவம்பரில் அவர் காணாமல் போனார். அப்போது இந்த அம்மாவுக்கு வயது பதினெட்டோ பத்தொன்பதோ. குழந்தை இல்லை. கொஞ்ச காலம் மாமனார் வீட்டில் இருந்துவிட்டு, அண்ணன் வீட்டோடு ஆம்பூருக்குப் போய்விட்டார். மாமியார் முன்பே காலமாகியிருந்தார். மாமனார் 1971-ல் உயில் எழுதாமல் இறந்தார். இரண்டு ஏக்கர் மல்லாட்டை நிலமும் ஒரு கிணறும் அவர் சுயமாகச் சம்பாதித்தவை. நிலம் மைத்துனர் அனுபவத்தில் இருந்தது. அவரும் கெட்டவர் இல்லை, வருஷா வருஷம் இரண்டு மூட்டை மல்லாட்டையை பஸ்ஸில் ஏற்றி அண்ணிக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். 1996-ல் மூட்டை வருவது நின்றது. நிலத்துக்கு விலை பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. 1997-ல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, தகப்பனுக்கு முன்னாலேயே இறந்துபோன மகனின் விதவை முதல் வகுப்பு வாரிசு. அந்த மகனுக்கு வரவேண்டிய பங்கை அவர் எடுத்துக்கொள்வார். கணக்குப் போட்டால் ஒரு ஏக்கர் இந்த அம்மாவுக்கு. சுலபமான வழக்கு என்றுதான் நினைத்தேன்.

மைத்துனர் தரப்பு எதிருரை வந்தது. அதில் ஒரு வரி: வாதியின் கணவர் போரில் இறக்கவில்லை, பட்டாளத்தைவிட்டு ஓடிப்போனவர், எங்கோ உயிரோடு இருப்பதாகவே நம்புகிறோம்.

படித்துக் காட்டியபோது அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. "ஓடிப்போனவர்" என்ற சொல்லை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ராணுவச் சட்டம் 1950-ல் 38-வது பிரிவு என்று ஒன்று உண்டு. போர்முனையிலிருந்து ஓடிப்போனவனுக்கு மரண தண்டனை வரை கொடுக்கலாம். எதிருரையைத் தயாரித்தவருக்கு அது நினைவில் இருந்திருக்காது. சிவில் வழக்கில் எதையும் மறுத்து வைப்பது வழக்கம், அப்படி மறுத்ததில் விழுந்த ஒரு சொல். ஆனால் அதன் எடை முழுவதும் இந்த அம்மா மேல் விழுந்தது.

சட்டப்படி அந்த மறுப்பு சாமர்த்தியமானது. 2024 வரை அமலில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு எல்லா வக்கீலுக்கும் தெரியும்: ஏழு வருஷம் ஒருவரைப் பற்றிச் சேதியே இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் அந்த அனுமானம் இறந்தார் என்பதோடு நின்றுவிடும். எந்தத் தேதியில் இறந்தார் என்பதைச் சட்டம் அனுமானிக்காது. ஒரு தேதியை ஆதாரமாகக் கொள்பவர்தான் அதைத் தனியாக நிரூபித்தாக வேண்டும். பிரிவி கவுன்சில் காலத்திலேயே முடிவான விஷயம் இது. பின்னால் 2004-ல் எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டார். சரி, இறந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம், 1971-க்கு முன்னால் இறந்தார் என்று யார் சொன்னது? அப்பா இறந்த பிறகு மகன் இறந்திருந்தால், முன்னாலேயே இறந்த மகனின் விதவை என்ற வழக்கின் அடிப்படையே நிற்காது. மகன் உயிரோடு இருந்தால் இந்த அம்மாவுக்கு வழக்குப் போடவே உரிமை இல்லை.

பட்டாளத்திலிருந்து தந்தி, கடிதம் ஏதாவது வந்ததா என்று பலமுறை கேட்டிருந்தேன். "வந்துச்சு, மாமனார் வெச்சிருந்தாரு" என்பதோடு நிறுத்திவிடுவார். மாமனார் பெட்டி மைத்துனர் வீட்டில். நான் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

இந்த நிலையில்தான் 1999 ஜூன் வந்தது. சாட்சியின் முதல் விசாரணையை அன்று நானே நடத்தினேன். இப்போது போலப் பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற காலமில்லை அது. சாட்சி கூண்டில் ஏறி வாயால் சொல்ல வேண்டும். அந்த அம்மா சன்னமான குரலில் எல்லாம் சொன்னார். பிறகு குறுக்கு விசாரணை.

"உங்க வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு வழக்குப் போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க."

"நெத்தியில பொட்டு இருக்கு. கழுத்துல தாலி இருக்கு. யாருக்காக?"

பதில் இல்லை. முன்சீப்பும் நிமிர்ந்து பார்த்தார். நான் ஆட்சேபிக்க எழுந்தேன், அதற்குள் அடுத்த கேள்வி விழுந்துவிட்டது.

"நேரா சொல்லுங்க. அவரு உயிரோட இருக்காரா, இல்லையா?"

"தெரியலைங்க."

அந்த ஒரு சொல்லில் என் வழக்கின் பாதி போய்விட்டது. மணி ஐந்தாகிவிட்டதால் மீதி விசாரணையை ஜூலைக்குத் தள்ளி வைத்தார்கள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். அடக்கிக்கொண்டு, "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"உடம்பைப் பார்க்கலையே சார்" என்றார்.

அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று தோன்றியது, கேட்கவும் இல்லை. இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பெட்டியில் மூவர்ணக் கொடி போர்த்தி, விமானத்தில் ஏற்றி, சொந்த ஊர் மந்தை வரைக்கும் உடல் வருகிறதே, அது கார்கிலில்தான் முறையாகத் தொடங்கியது. 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் போர்முனைக்குப் பக்கத்திலேயே தகனம் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு தந்தியும் ஒரு இரும்புப் பெட்டியும் வரும். 1962-ல் அதுவும் பலருக்கு வாய்க்கவில்லை. அரசுக் கணக்கிலேயே அந்தப் போரில் காணாமல் போனவர்கள் 1,696 பேர். லடாக்கில் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கும் அவருடைய குமாவுன் வீரர்களும் நவம்பர் 18 அன்று கடைசித் தோட்டா வரை நின்றார்கள். அவர்கள் உடல்கள் பனிக்குள்ளேயே மூன்று மாதம் கிடந்தன. 1963 பிப்ரவரியில் ஒரு ஆட்டிடையன் பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. அவர்களையாவது இடையன் பார்த்தான். கலவைப் பக்கத்துப் பையனை எந்த இடையனும் பார்க்கவில்லை.

அந்த ஜூன் முழுக்க வாய்தா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அம்மா வந்தார். ஆம்பூரிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, இரண்டு பஸ். கேட்பது ஒரே கேள்வி. அதனால் நானும் சரவணனைப் பற்றிப் பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவருக்குச் சொல்வதற்காக.

1972 ஆகஸ்டில் பிறந்தவர். அப்போது 26 வயது. சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடித்து 1995-ல் அதிகாரியானவர். முதலாவது பிகார் படைப்பிரிவு. தமிழ்ப் பையன், அவர் கீழே இருந்த ஜவான்களோ பிகார்க்காரர்கள். அவர்கள் பாஷையில் பேசி, அவர்களோடு சாப்பிட்டு, நாலு வருஷத்தில் அவர்கள் பின்னால் வரக்கூடிய ஒரு அதிகாரியாகியிருந்தார். மே 28 இரவு ஜூபார் மலையில் உள்ள எதிரி நிலையைப் பிடிக்க அனுப்பப்பட்டார். பதினாலாயிரம் அடிக்கும் மேலே உயரம். மேலே பங்கருக்குள் இருப்பவனுக்குக் கீழே ஏறி வருபவன் ஒவ்வொருவனும் தெரிவான், ஒளிய ஒரு செடியும் கிடையாது. விடிகிற நேரத்தில் ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் நிலையைத் தாக்கி இருவரை வீழ்த்தினார். வயிற்றில் சிதறல் பாய்ந்தது. திரும்பி இறங்கவில்லை. தலையில் குண்டு பட்டு விழும் வரை சண்டையிட்டார். நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் அங்கேயே விழுந்தார். இருவருக்கும் பின்னாளில் வீர சக்கரம் கிடைத்தது.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னபோது அந்த அம்மா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார். ஒருநாள் கேட்டார்: "பங்கர்னா இன்னா சார்?" பதுங்கு குழி, மேலே கல் அடுக்கியிருக்கும் என்றேன். "எங்க வீட்டுக்காரரும் குழி தோண்டுறோம்னு எழுதியிருந்தாரு" என்றார். வழக்கு நடந்த இரண்டு வருஷத்தில் அவர் புருஷனின் கடிதத்தைப் பற்றி என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம் அது.

அதே ஜூனில்தான் கேப்டன் சௌரப் காலியா, அவரோடு போன ஐந்து ஜவான்கள் செய்தியும் வந்தது. சௌரபுக்கு 22 வயது. மே மாதம் ரோந்து போனவர்கள் பிடிபட்டார்கள். ஜூன் 9 அன்று உடல்கள் திரும்பின, சித்திரவதைக் காயங்களோடு. இந்தியா 1960-லேயே ஜெனிவா உடன்படிக்கைச் சட்டத்தை இயற்றியிருக்கிறது. போரில் இறந்த எதிரியையும் தேடி எடுத்து, யாரென்று குறித்து, மரியாதையோடு அடக்கம் செய்து, விவரத்தை அவன் நாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது 1949 உடன்படிக்கையின் கட்டளை. சௌரபின் தகப்பனார் 2012-ல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். மகன் எப்படிச் செத்தான் என்பதற்கு யாராவது பதில் சொல்லட்டும் என்றுதான். அந்த மனுவை நான் என் தொழிலில் பார்த்த எந்த மனுவை விடவும் மேலாக நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாகிஸ்தான் தன்னுடையவர்கள் என்று ஏற்க மறுத்த வீரர்கள் பலரை நம் ராணுவமே அந்த மலைகளில் அவர்கள் மத முறைப்படி அடக்கம் செய்தது. அந்தப் பக்கமும் எங்கோ ஒரு பெண் வாசலைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்.

ஜூலையில் சரவணன் வந்தார். விழுந்து ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து, பனியிலிருந்து எடுத்து, திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். தெருவெல்லாம் ஜனம். ஆம்பூரில் பக்கத்து வீட்டு டி.வி.யில் அந்த அம்மா பார்த்திருக்கிறார்.

ஒத்தி வைத்த விசாரணைக்கு வந்தபோது தையல் மூட்டை இல்லை. ஒரு மஞ்சள் பை மட்டும். என் மேஜையில் வைத்து, உள்ளிருந்து பாலித்தீன் காகிதம் சுற்றிய ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. திறந்து பார்த்தேன். குடும்பப் பென்ஷன் புத்தகம். புருஷன் பெயர், படை எண், இறந்த தேதி: 1962 நவம்பர். மாதாமாதம் பணம் வாங்கிய பதிவுகள், முப்பது வருஷத்துக்கும் மேலாக.

எனக்குப் பேச்சே வரவில்லை. ரெண்டு வருஷம் இதற்காகத்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இதை ஏம்மா காட்டலை?"

"அது அவரு அனுப்புற பணம் சார். கேஸுக்கு எதுக்குன்னு நெனைச்சேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "அதுல செத்துட்டாருன்னு போட்டிருக்காம். படிச்சவங்க சொன்னாங்க. நான் ஒத்துக்கலை. அந்தப் பிள்ளை பனியில அவ்ளோ நாள் கிடந்து வந்துட்டான். இவரு இன்னும் கிடக்குறாரு. அவ்ளோதான் சார்."

ஆவணத்தைத் தாமதமாகத் தாக்கல் செய்ய அனுமதி கேட்டு மனுப் போட்டேன். எதிர்த்தரப்பு ஆட்சேபம் தெரிவித்தது, வாதாடினோம், முன்சீப் அனுமதித்தார். புத்தகம் வாதி தரப்பு ஆவணமாகக் குறிக்கப்பட்டது. குறுக்கு விசாரணை தொடர்ந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், குரலைத் தாழ்த்தி. நல்ல மனிதர், பிறகு பல வழக்குகளில் என்னோடு நின்றவர்.

"உங்க வீட்டுக்காரர் எப்போ இறந்தாருன்னு தெரியுமாம்மா?"

"1962 கார்த்திகையில. பனியில."

"பொட்டு?"

"அது நான் வெச்சுக்கிறது."

வேறு கேள்வி இல்லை என்று அவர் உட்கார்ந்தார். அன்றைய சாட்சியத்தாளில் அந்த இரண்டு பதில்களும் அப்படியே பதிவாகியிருக்கின்றன.

தீர்ப்பு 2000-ல் வந்தது. பாதிப் பங்கு டிக்ரி. மல்லாட்டை மூட்டை வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்ததால், உரிமை மறுத்து வெளியேற்றியதாகச் சொல்ல முடியாது என்று முன்சீப் எழுதினார். வழக்கின் அந்தப் பகுதியில் விவாதமே இல்லை. ஆனால் தீர்ப்பில் இன்னொரு வரி இருந்தது. வாதியின் கணவர் தேசத்தின் ராணுவப் பணியில் இருக்கையில் 1962-ல் உயிர் துறந்தார், ஓடிப்போனார் என்ற கூற்றுக்கு எந்த ஆதாரமும் இல்லை. நகல் வாங்கி வந்ததும் அந்த அம்மா அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு, அங்கே ஊசியால் ஓரத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு வைத்துக்கொண்டார், எழுதப் படிக்கத் தெரியாதவர் அடையாளத்துக்கு. மைத்துனர் அப்பீல் போகவில்லை. வந்த ஒரு ஏக்கரை அவரிடமே வாரத்துக்கு விட்டார் அண்ணி. மறுபடியும் மல்லாட்டை மூட்டை ஆம்பூர் பஸ்ஸில் ஏறியது.

என் கூலியைத் தவணையாகக் கொடுத்து முடித்த நாளில் ஒரு வேண்டுகோள் வைத்தார். "நீ எப்பவாச்சும் திருச்சி போனா, அந்தப் பிள்ளை பேர் எழுதியிருக்கிற இடத்துல ஒரு முழம் பூ வெச்சுட்டு வா சார். எங்க வீட்டுக்காரருக்கு வெக்க இடமில்லை."

சில வருஷம் கழித்து ஒரு வழக்கு விஷயமாகத் திருச்சி போனேன். கண்டோன்மெண்டில் மேஜர் சரவணன் நினைவிடம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் மல்லிப்பூ வாங்கிக்கொண்டு நடந்தே போனேன். வெயில். போக்குவரத்து சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது, யாரும் நிற்கவில்லை. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு, நான் பூ வைப்பதைப் பார்த்து, "உங்க சொந்தக்காரரா சார்?" என்றான். ஆமாம் என்றேன். ஊர் திரும்பியதும் ஆம்பூருக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். திண்ணையில் அப்பர் தைத்துக்கொண்டிருந்தார்.

"மல்லியா, கனகாம்பரமா?" என்று கேட்டார்.

"மல்லிதாம்மா."

"சரி" என்று சொல்லிவிட்டு, எனக்கு மோர் கொண்டுவர உள்ளே எழுந்து போனார்.